இடது கால் செருப்புகள்

ஆகஸ்ட் 5

இன்று வலது காலில் கறுப்பு ஷூவும் இடது காலில் அம்மாவின் ரப்பர் செருப்புமாகப் பள்ளிக்குப் போனேன். ஏழாம் வகுப்பு முழுவதும் சிரித்தது. இடைவேளையை நூலக அலமாரிக்குப் பின்னால் கழித்தேன்.

திரும்பி வந்தபோது ஷூ கிடைத்தது. வாசலுக்கு எதிரே வாய்க்கால் கரையில் என் ஷூ, அப்பாவின் செருப்பு, கடைக்கார ராய் அத்தையின் செருப்பு — எல்லாம் வரிசையாக, முனை தண்ணீரைப் பார்த்தபடி. பக்கத்தில் கோமாங் குந்தியிருந்தான். எனக்குப் பின் பிறந்தவன். நாலு வயது இன்னும் முடியவில்லை.

"ஏன்டா எடுத்த?"

"அளவு பாத்தேன்."

"யாருக்கு?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, "தங்கச்சி, பசிக்குது" என்றான்.

ஆகஸ்ட் 6

புதிய ஆசிரியர் என் பெயரைக் கேட்டார். காடெக் என்றேன். "அப்போ மூத்தவங்க எங்க படிக்கிறாங்க?" பாலியில் இதுதான் தொல்லை. பெயரைச் சொன்னாலே எத்தனையாவது பிள்ளை என்று தெரிந்துவிடும். நான் இரண்டாவது. "இல்ல சார்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

இருந்தான். வயான். எனக்கு ஒரு வயதாக இருந்தபோது வாசல் வாய்க்காலில் விழுந்து போய்விட்டான். எனக்கு அவன் ஒரு புகைப்படம், அவ்வளவுதான்.

கோமாங்குக்கு மூன்று மாதம் ஆனதும், வழக்கப்படி, யார் திரும்பி வந்து பிறந்திருக்கிறார்கள் என்று குறிசொல்லும் அம்மாளிடம் கேட்டுவரப் போனார்கள். மற்ற வீடுகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா மாதிரி யாராவது வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வயானே வந்துவிட்டானாம். அன்றிலிருந்து இந்த வாண்டு எனக்கு அண்ணன். அம்மா முதல் கரண்டிச் சோறு அவனுக்குத்தான் போடுகிறாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முறைக்கிறாள்.

"அண்ணன்னா தங்கச்சிக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கணும். இந்தா நோட்டு."

"அண்ணனுக்குத் தூக்கம் வருது."

சொன்னபடியே தூங்கிவிட்டான். நோட்டின் மேல், எச்சில் ஒழுக.

ஆகஸ்ட் 7

வீட்டுக் கோயிலில் அம்மா வைத்த ஓலைத்தட்டில் பிஸ்கட்டைக் காணோம். ஊதுபத்தி இன்னும் ஏற்றவில்லை. "சாமி சாப்பிட்டுட்டாரு, மிச்சம்தான் நான் தின்னேன்" என்கிறான், வாயெல்லாம் தூளாக.

ஆகஸ்ட் 10

அறிவியல் பாடத்தில் சோதனை பற்றிப் படித்தோம். விடையை நாமே ஊட்டிவிட்டுக் கேட்கக் கூடாதாம். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்! "அந்த மஞ்சள் சைக்கிள் ஞாபகம் இருக்கா ராசா?" என்பாள் அம்மா. "இருக்கு." ராய் அத்தை ஒரு ஞாபகத்துக்கு ஓர் இறால் அப்பளம் தருகிறாள். இவனுக்கு ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

நான் கேட்டேன்: "நம்ம வீட்டுப் பச்சை யானை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கடிச்சுடுச்சு."

சிரித்தேன். எவ்வளவு நிம்மதி! ஏனென்றால், இவன் வயான் இல்லை என்றால் 28-ஆம் தேதி வெறும் தேதி.

அதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்குப் பிறந்தநாள் சடங்கு இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒருமுறை. வயான் போனது அவனுடைய ஏழாவது சடங்குக்கு மூன்று நாள் முன்பு. கோமாங்குக்கு ஏழாவது இந்த 31-இல் வருகிறது. மூன்றைக் கழித்தால் 28. அம்மா அடுப்படி நாட்காட்டியில் அந்தக் கட்டத்தை மட்டும் கரியால் மூடி வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 11

இன்று கரையில் ஏழு இருந்தன. எண்ணினேன். எல்லாம் இடது.

முன்பும் இடதுதானா? என் ஷூ இடது. அப்பாவுடையது — ஆமாம். எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

அம்மாவின் அலமாரி மேல்தட்டில், பூட்டின உள்ளறையில், பிளாஸ்டிக் பையில் ஒரு சிவப்புச் செருப்பு இருக்கிறது. நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோமாங் பார்த்ததே இல்லை. அது வலது கால். வயானைத் தூக்கியபோது அவன் காலில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 17

இந்தோனேசியா முழுக்கச் சுதந்திர தினம். எங்கள் ஊரில் போட்டிகள். கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கை படாமல் தின்ன வேண்டும். கோமாங் நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தான். பாதியில் நிறுத்தி, கயிறு பிடித்த மாமாவிடம் சொன்னான்: "இன்னும் கீழ இறக்குங்க. அவனுக்கு எட்டல."

அவன் காட்டிய இடத்தில் யாரும் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் இவனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி, அவ்வளவுதான்.

"அண்ணாத்தேக்குத் தொண்டர் படை வேற இருக்குதுடோய்!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் விளையாட்டாகக் கயிற்றை இறக்கினார். காற்றே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் தொங்கிய அப்பளம் ஆடியது. கயிறு இறங்கியதால் ஆடியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 21

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் சங்கத்தின் கூட்டத்துக்கு அப்பாவோடு காபிக் கூஜா தூக்கிப் போனேன். அப்பா கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இன்று எழுந்து, "28-ஆம் தேதி ஒருநாள் எங்க வாசல் வாய்க்காலுக்கு வர்ற கிளை மடையை மூடணும்" என்றார்.

"நட்டுப் பத்து நாள்தான் ஆகுது, ஒருநாள் தண்ணி சும்மாவா?" என்றார் ஒருவர்.

"உன் பையன என் செருப்பத் திருப்பிக் குடுக்கச் சொல்லு, மூடிடலாம்" என்றார் இன்னொருவர். சிரிப்பு. அப்பா உட்காரவே இல்லை. சிரிப்பு தானாக அடங்கியது.

தலைவர், "வயானை மேலே தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். மூடுவோம். அன்னைக்குக் காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரை" என்றார்.

ஆகஸ்ட் 25

குளிப்பாட்டும்போது கோமாங் சொன்னான்: "நீ அழுத."

"எப்போ?"

"குட்டியா இருக்கறப்ப. அதான் அம்மா உள்ள போனா."

வயான் விழுந்தபோது அம்மா ஏன் பக்கத்தில் இல்லை? இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. யாரும்! "யாருடா சொன்னது?"

"சொன்னான்" என்று சோப்பு நுரையை என் மூக்கில் தடவிவிட்டுச் சிரிக்கிறான்.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ?

ஆகஸ்ட் 27

பாடம் மண்டையில் ஏறவில்லை. ஒரே பக்கத்தை நாலுமுறை படித்தேன்.

ஆகஸ்ட் 28

மாலை ஏழு மணி. நகக்கண்ணில் இன்னும் சேறு இருக்கிறது. ஆனால் எழுதியாக வேண்டும்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் நின்றது. பிறந்ததிலிருந்து என் காதில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அது. ஓடுகிறது என்பதே நின்றபோதுதான் தெரிந்தது. வீடு முழுவதும் ஏதோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. சேற்றில் நத்தைகள் மட்டும்.

நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா கோமாங்கை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

"வா, போலாம்."

"அங்கேயும் நீ வருவியா?"

"வருவேன்."

"அப்ப நீயே போயிட்டு வா" என்றான். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

ஒன்றரை மணி இருக்கும். அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது, என்னிடம் கொடுத்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் — சத்தியமாக. கையெல்லாம் வியர்வை. ஒரே உருவல், ஓடிவிட்டான்.

நான் அழவில்லை, கத்தவும் இல்லை, பின்னாலேயே வாய்க்காலுக்குள் குதித்தேன். வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் சின்னப் பாலத்துக்கு அடியில் அவன் குப்புறக் கிடந்தான். கற்பலகைக்குக் கீழே ஒரு பொந்து. அதற்குள் தலையும் தோளும் போயிருந்தன. வெளியே இரண்டு கால்கள் மட்டும். நான் கால்களைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. உள்ளே இருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல — ஒரு நொடிதான். பிறகு பொத்தென்று வந்துவிட்டான், முகமெல்லாம் சேறு, கையில் ஒரு சிவப்புச் செருப்பு.

அவனைக் கரையில் ஏற்றி, நானும் ஏறி, அம்மா ஓடிவந்து... பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேலிருந்து பழுப்பாக, நுரையோடு, பாலத்தின் அடிவரை நிறைத்துக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கு முன்னால் யார் திறந்தது? அப்பா மடைக்கு ஓடினார். காவலுக்கு இருந்தவர் மடைப் பலகையைத் தொடவே இல்லையாம், தானாக எழும்பியதாம்.

அம்மா அலமாரியைத் திறந்து வலது செருப்பைக் கொண்டுவந்தாள். ஜோடிதான். ஒன்று புதிது போல, ஒன்று பாசி படிந்து. கோமாங் இடதுகாலை நுழைத்துப் பார்த்தான். குதிகால் ஒரு விரல் அளவு வெளியே நின்றது.

"எனக்குச் சின்னது."

"உன்னோடதுதான்டா ராசா" என்றாள் அம்மா.

அவன் அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "இது வயான் அண்ணனோடது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல், "நீ அழுதுட்டே இருந்த. அழுற பிள்ளைய விட முடியுமா? போய்த்தானே ஆகணும்" என்றாள். பிறகு என் தலையில் இருந்த சேற்றைத் தன் இடுப்புத் துணியால் துடைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30

இரண்டு நாளாக யாருடைய செருப்பும் காணாமல் போகவில்லை. ராய் அத்தை, "எனக்கே ஒரு மாதிரியா இருக்குடி" என்கிறாள்.

ஆகஸ்ட் 31

ஏழாவது சடங்கு நடந்தது. அம்மா அந்த ஜோடியைக் கழுவி, வீட்டுக் கோயில் படியில் வைத்தாள். கோமாங்கின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியதும் அவன் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். பிறகு, "அக்காவுக்கும் கட்டுங்க" என்றான்.

யாரைச் சொல்கிறான் என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை.

அம்மா கட்டினாள். முதல் கரண்டிச் சோறு யாருக்கு என்று இன்று அவளுக்குக் குழப்பம். நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 2

காலையில் கோயில் படியில் செருப்புகள் இல்லை.

வாசல் பாலத்தின் மேல் இருந்தன. ஒட்டி ஒட்டி, ஜோடியாக, முனை வெளியே தெருவைப் பார்த்தபடி. அம்மா எடுக்கவில்லை என்றாள். அப்பாவும் இல்லை என்றார். கோமாங் இரவு முழுவதும் என் வயிற்றின் மேல் கால் போட்டுத் தூங்கினான். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

அம்மா பூத்தட்டோடு வந்தாள். செருப்புகளின் பக்கத்தில் ஒரு பூவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, வரும்போது அப்பளம்!" என்று கோமாங் உள்ளே இருந்து கத்தினான். "ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

இரண்டு கறுப்பு ஷூவையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாலத்தில் அந்தச் செருப்புகளுக்கு வழிவிட்டு, ஓரமாக நடந்தேன்.