கஷுவேய்ராவுக்குப் போய்வந்தது

1998 யூன் 7, ஞாயிறு. ஹம்பேர்க்

பூசையால் வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் மெலனி குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வால்டீரைத்தான் கட்டப்போகிறாளாம். போன வருடம் விரல் நசுங்கி அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிரேசில்காரன். துறைமுகத்தில் சாமான் இறக்குகிற வேலை. சனிக்கிழமைகளில் அல்ரோனாவில் பிள்ளைகளுக்கு மேளம் பழக்குகிறான். நான் இரண்டொரு முறை கண்டிருக்கிறேன். கறுப்பு, நல்ல உயரம், கதைக்கும்போது நிலத்தைப் பார்ப்பான். எங்களைப்போல வேதக்காரன்தான், கத்தோலிக்கன்.

"நீங்கள்தான் அப்பாவிட்டச் சொல்ல வேணும்" என்றாள்.

மீனைப் பொரித்தேன். சொல்லவில்லை.

யூன் 9

சொன்னேன். யாகோப்பு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். வால்டீரை ஒரு சொல்லால் சொன்னார், அதை நான் இங்கே எழுத மாட்டேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஆகக் கறுப்பு அவர்தான்.

"அவன் என்ர வீட்டுப் படி ஏறக் கூடாது. என்ர மேசையில இருந்து சாப்பிட ஏலாது." அவ்வளவுதான் அவருடைய முடிவு.

மெலனி அழவில்லை. நவம்பரில் கலியாணப் பதிவுக்கு ரெர்மீன் எடுத்து நாளும் குறித்தாயிற்று, வாறவை வரலாம் என்றாள். இருபத்தைந்து வயதுப் பிள்ளை, சொந்தச் சம்பளம். மறித்து என்ன?

யூன் 28

வால்டீரின் தாய்க்கு நில்சா என்று பெயர். பிரேசிலில் கஷுவேய்ரா என்றொரு பழைய ஊரில் இருக்கிறா. அங்கே மாதாவின் விண்ணேற்புத் திருநாள்தான் பெரிய திருவிழாவாம். அதற்கு மெலனியைக் கூட்டிக்கொண்டு போகிறான். மெலனி என்னையும் வரச் சொல்கிறாள்.

ஓகஸ்ற் பதினைந்து மன்னாரில் பிறந்தவளுக்கு மடு மாதாவின் நாள். சண்டையால் மடுவுக்குப் போக வழியில்லை என்று, வருடா வருடம் இங்கே கெவலார் கோயிலுக்கு பஸ் பிடித்துப் போகிறோம். இந்த முறை பிரேசிலா?

யாகோப்பிடம் கேட்டேன். "போறதெண்டால் போ. நான் மறிக்கேல்ல. வரவும் மாட்டன்."

யூலை 19

மேல்மாடிக் கமலாம்பிகை அக்கா படியில் மறித்து, பிள்ளையை அங்கேயே விட்டிட்டு வரப்போறீங்களோ என்று கேட்டா. ஓமென்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

ஓகஸ்ற் 11. கஷுவேய்ரா

விமானத்தால் இறங்கி, பிறகு பஸ். கால் வீங்கிப்போயிருக்கிறது.

ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்குக் குறுக்கே பழைய இரும்புப் பாலம், ரயிலும் போகும் ஆட்களும் போகலாம். போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் தெருவுக்கொன்று. சிலதின் சுவரில் மரம் முளைத்திருக்கிறது. மஞ்சளும் நீலமுமாக வீடுகள், பூச்சு உரிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் சீனியாலும் புகையிலையாலும் பணம் கொழித்த ஊராம். தெருக் கல்லெல்லாம் அடிமைகள் பதித்தது என்று வால்டீர் சொன்னான். சொல்லிவிட்டு, அதே மூச்சில், அதோ மாமாவின் கடை என்று காட்டினான். அவனுக்கு இரண்டும் ஊர்ச் செய்திதான்.

நில்சா வாசலில் நின்றா. என்னைவிடக் குள்ளம். மெலனியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தா. பிறகு என்னையும் அப்படியே.

ஓகஸ்ற் 12

மெலனியும் வால்டீரும் கடைக்குப் போய்விட்டார்கள். நானும் நில்சாவும் தனியே. அவவுக்கு ஜேர்மன் தெரியாது, எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது. அவ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "கதேய்ரா" என்றா. கதிரை! நான் அதைத் தொட்டு "கதிரை" என்றேன். அவ நிமிர்ந்து பார்த்தா. பிறகு ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தோம். சன்னல், அவவுக்கு ஜனேலா. துவாய், துவாலியா. சப்பாத்து, சபாத்து. குசினி, குசீஞ்ஞா. மேசையில் கிடந்த பாண் துண்டைக் காட்டினேன், பவுங் என்றா. அவவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போர்த்துக்கேயர் எங்களிடமும் வந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? கையால் கப்பல் செய்து காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டா. அவவின் கப்பல் வேறு. அதில் வந்தவர்கள் சங்கிலியோடு வந்தவர்கள்.

பின்னறையில் ஒரு சின்னப் பீடம். மாதா இருக்கிறா. பக்கத்தில் கிண்ணமும் சங்கும் மணிமாலைகளும். அது ஆபிரிக்காவிலிருந்து வந்த கும்பிடு, அம்மா இரண்டையும் விடமாட்டா என்று வால்டீர் பிறகு சொன்னான். எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. மடுவில் திருநீறு பூசிக்கொண்டு வந்து மெழுகுதிரி கொளுத்துகிறவர்களை நாங்கள் யாரும் விசாரித்ததில்லை. நானும் விசாரிக்கவில்லை.

ஓகஸ்ற் 15

திருநாள். மாதாவின் நல்ல மரணத்தைக் கொண்டாடும் கறுப்புப் பெண்களின் சபை ஒன்று இங்கே இருக்கிறது. நில்சாவும் அதில் ஒருத்தி. அடிமைக் காலத்தில் தொடங்கியது. காசு சேர்த்து ஒருவரையொருவர் மீட்டார்களாம், செத்தவர்களை மரியாதையாக அடக்கினார்களாம். நேற்று இரவு கறுப்பு உடுப்பில் மாதாவைக் கிடத்தித் தூக்கிப் போனார்கள். இன்று வெள்ளை உடுப்பு, சிவப்புச் சால்வை, கழுத்து நிறைய மாலை. கிழவிகள் ராணிகள் மாதிரி நடந்தார்கள். நில்சா என்னைக் கண்டும் காணாதவ மாதிரிப் போனா. அது சரி, சுற்றுப்பிரகாரத்தில் யார் சிரிப்பார்கள்?

அமெரிக்காவிலிருந்து கறுப்பு ஆட்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். தங்கள் முன்னோரின் வழியைத் தேடி வந்தவர்களாம். ஒரு மனிதர் கோயில் சுவரில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். ஜேர்மன்காரர் கூட்டமும் ஒன்று. அதில் ஒரு பெண், என்னை ஊர்க்காரி என்று நினைத்து, மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் உங்கள் வீடு எந்தத் தெரு என்று கேட்டா. ஹம்பேர்க், அல்ரோனா என்று ஜேர்மனில் சொன்னேன். அவவுக்கு முகம் சிவந்துவிட்டது.

பின்னேரம் மேளம், ஆட்டம். நில்சா வெறுங்காலோடு ஆடினா. மெலனியை இழுத்து விட்டா. என் பிள்ளைக்கு இப்படி ஆடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஓகஸ்ற் 16

இதை எப்படி எழுத?

காலையில் நில்சா எங்கள் மூவரையும் மேசையில் இருத்தினா. உங்களுடைய கணவர் ஏன் வரவில்லை என்று வால்டீரைக்கொண்டு கேட்டா. வேலை என்றேன். அவ தலையாட்டவில்லை. திரும்பவும் அதையே கேட்டா. அவருக்கு விருப்பமில்லை, மேசையில் இருக்க விடமாட்டார் என்று உண்மையைச் சொன்னேன். வால்டீர் அதை மொழிபெயர்க்காமல் இருந்தான். தாய் அவன் கையில் தட்டினா. சொன்னான்.

அதற்குப் பிறகு அவ பேசினா. அவன் ஒவ்வொரு வசனமாக நிலத்தைப் பார்த்து ஜேர்மனில் சொன்னான்.

"என்னுடைய அம்மாவும் அவவின் அம்மாவும் வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் பின்கதவால் போய் வந்தவர்கள். இவனை நான் முன்கதவால் போக வளர்த்தேன். தகப்பன் இடம் கொடுக்காத வீட்டில் என் பிள்ளை பெண் எடுக்க மாட்டான். உங்கள் மகளை எனக்குப் பிடித்திருக்கிறது. அது வேறு."

மெலனி எழும்பிவிட்டாள். நாங்கள் பெரிய ஆட்கள், யாரையும் கேட்கத் தேவையில்லை என்றாள். வால்டீர் இல்லையென்று தலையசைத்தான். "அம்மா சரியென்று சொல்லட்டும். நான் காத்திருப்பேன்."

எங்களை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுவினம் எண்டு நான் நினைச்சதே இல்லை. நாங்கள் சம்மதிக்கிறமோ இல்லையோ எண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சனான். இதென்ன விசர் —

மத்தியானம் மீன் குழம்பு. பெரிய துண்டை நில்சா என் கோப்பையில்தான் வைத்தா.

ஓகஸ்ற் 20. ஹம்பேர்க்

யாகோப்பிடம் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"ஆர் அவை எங்களை வேண்டாமெண்டு சொல்ல?" அறைக்குள்ளும் வெளியிலுமாக நடந்தார். பிறகு, "அந்த மனுசி உனக்கு முன்னாலயோ சொன்னது?" என்று கேட்டார். ஓமென்றேன். சாப்பிடாமல் இரவு வேலைக்குப் போய்விட்டார்.

செப்ரெம்பர் 6

நவம்பர் ரெர்மீனை மெலனி நிற்பாட்டிவிட்டாள்.

செப்ரெம்பர் 27

யாகோப்பு தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "அவன் இப்ப மெலனியைச் சந்திக்கிறேல்லையோ?" என்று கேட்டார். ரெலிபோனில் கதைப்பான், சந்திக்க மாட்டான் என்றேன்.

"தாய் சொன்னதுக்காகவோ?"

"ஓம்."

தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "உன்ர தம்பி றெக்ஸ் தாயின்ர செத்தவீட்டுக்கே ஒரு ரெலிபோன் எடுக்கேல்ல" என்றார். உண்மைதானே.

ஒக்ரோபர் 11, ஞாயிறு

பூசை முடிய யாகோப்பு என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு எங்கேயோ போய்விட்டார். பின்னேரம்தான் வந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். வில்ஹெல்ம்ஸ்பேர்க்கில் வால்டீரின் அறைக்குப் போனாராம். அவன் பயந்துபோய்க் கோப்பி போட்டானாம். இருவரும் முழங்கால் நோவைப் பற்றியும் இரவு வேலையைப் பற்றியும் கதைத்தார்களாம். அடுத்த ஞாயிறு சாப்பிட வா என்றாராம்.

"தாயைக் கேட்டுத்தான் சொல்லுவானாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த விசயத்தில் அவர் சிரித்தது இதுதான் முதல் தரம்.

பிறகு இருவருமாக ரெலிபோன் கடைக்குப் போய்ப் பிரேசிலுக்கு எடுத்திருக்கிறார்கள். இவர் சொல்ல, அவனே தாய்க்கு மொழிபெயர்த்திருக்கிறான். என்ன சொன்னீர்கள் என்று எவ்வளவு கேட்டும் சரியாகச் சொல்கிறாரில்லை. "சாப்பிட வரச் சொன்னன். வேற என்ன?"

அந்தப் பழைய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார்.

ஒக்ரோபர் 18

வால்டீர் வந்தான். யாகோப்பே கதவைத் திறந்தார். மேசையில் தனக்கு நேரெதிரே இருத்தினார். நண்டுக் கறியின் உறைப்பில் அவனுக்குக் கண் கலங்கியது. யாகோப்பு தண்ணீரை ஊற்றி அவன் பக்கம் தள்ளினார். ஒருவரும் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. போகும்போது, அடுத்த கிழமை உறைப்பைக் குறைக்கச் சொல்லுறன் என்றார் இவர்.

நவம்பர் 8

நில்சா ரெலிபோன் எடுத்தா. வால்டீரோடு கதைத்து, மெலனியோடு கதைத்து, என்னையும் கேட்டா. சம்மதமாம், கலியாணத்துக்கு வருகிறாவாம். மெலனி போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் இன்றுதான் அழுகிறாள்.

டிசெம்பர் 5, சனி

அடுத்த சனி கலியாணம். இன்று நில்சா வந்து இறங்குகிறா. வெளியே பனி கொட்டுகிறது. எனக்கு வேலை, போக முடியவில்லை. வால்டீரைக் கூட்டிக்கொண்டு யாகோப்பு விடியவே விமான நிலையத்துக்குப் போய்விட்டார். இன்னும் நேரம் இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை.

வேலைக்கு வெளிக்கிட்டுப் பார்த்தால் என் குளிர்கோட்டைக் காணவில்லை. மெலனியைக் கேட்டேன். "அந்த மனுசி மெல்லிய உடுப்போட வந்திறங்கும்" என்று சொல்லி அப்பா கையில் எடுத்துக்கொண்டு போனாராம்.

மெலனியின் பழைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு போனேன். அதன் கை எனக்குக் கட்டை.