கிறீச்சிடாத மூன்றாவது போல்ட்

என்னைக் கோபப்படுத்துவதற்கென்றே எனக்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்த என் அண்ணனுக்கு,

"தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்து சொல்லக்கூடாதாடா?"

நம் கிணற்று மேட்டில், இன்ஜின் ரூம் வாசலில் நின்று நீ என்னைக் கேட்ட கேள்வி இது. உன் கையில் ஸ்பானர், அதன் வாயில் பாதிப் போல்ட். மீதிப் பாதி இன்ஜினுக்குள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். இந்த முறை நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகச் சொல்லி முடிப்பேன்.

முதலில் ஒன்று. உன் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாம் உன்னைப் புகழ்ந்து தள்ளினார்கள். "பெரியவரு கை வச்சா எந்த மிசினும் கழண்டுக்கும்" என்றார் ஒருவர். கழண்டுக்கும்தான், இரண்டு துண்டாக. நான் பந்தியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாதாம். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவன் நான். எழுதியவன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டான் என்பதற்காகத் தப்பான விடைக்கு மார்க் போட்டதில்லை.

அப்பா செய்த ஏற்பாடு உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிணறு, ஒரு ஆயில் இன்ஜின், இரண்டு பிள்ளைகள். மூன்று நாள் தண்ணீர் உன் முறை, அடுத்த மூன்று நாள் என் முறை. இன்ஜின் கெட்டால், யார் முறையில் கெட்டதோ அவன்தான் சரி செய்ய வேண்டும். அதில் போகிற நாள் அவனுக்குப் போனதுதான், திரும்பக் கிடைக்காது. நமக்குள் சண்டை வரக்கூடாது என்று அப்பா செய்தது இது. நமக்குள் வந்த சண்டை எல்லாம் இதனால்தான் வந்தது.

அந்த வருஷக் கோடையில் நம் இரண்டு பேர் கொல்லைக் காட்டிலும் நிலக்கடலை. பூ விட்டு ஊசி இறங்குகிற நேரம். பூ வாடிய இடத்திலிருந்து கிளம்புகிற அந்த மெல்லிய ஊசி மண்ணுக்குள் இறங்கினால்தான் கடலை உண்டு. மண் காய்ந்து இறுகிவிட்டால் அது மேலேயே நின்று கருகிவிடும். செடி பச்சைப் பசேலென்று இருக்கும், பிடுங்கினால் அடியில் ஒன்றும் இருக்காது. பரீட்சைக்கு முதல் நாள்வரை நன்றாகப் படித்துவிட்டு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருகிற பையன் மாதிரி.

உன் முறையின் மூன்றாம் நாள் காலையில் இன்ஜின் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. ஹெட்டு என்கிற மேல்மூடிக்கு அடியில் கசிவை அடைக்கிற கேஸ்கட் போய்விட்டது. நான்கு போல்ட்டைக் கழற்றி, ஹெட்டைத் தூக்கி, புதுக் கேஸ்கட் வைத்து மூடினால் முடிந்தது. ஆனால் அந்த நான்கு போல்ட்டும் அப்பா காலத்தில் இறுக்கியவை. கிணற்றின் உப்புத் தண்ணீர் கசிந்து கசிந்து, தலை எது துரு எது என்று தெரியாமல் இருந்தன.

"அண்ணே, மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறப் போடுவோம். நாளைக்குக் கழட்டுவோம்" என்றேன்.

"நாளைக்கு யாரு முறை?"

"என் முறை."

"அதான பாத்தேன். தம்பிக்குப் போல்ட்டு மேல என்னடா இம்புட்டுப் பாசம்னு."

பக்கத்தில் நின்ற அண்ணி சிரித்துவிட்டார்கள். நான் விடவில்லை. "கையில மாட்டிக்கிட்ட வளையல சோப்பு போட்டுத்தான அண்ணே கழட்டுறோம்?"

"ஏன் வாத்தியாரே, ஒங்க பள்ளிக்கூடத்துல வளையல் கழட்டுறதுதான் பாடமா?"

மூன்றாவது தடவையும் சொன்னேன். "துரு இருக்கே, அது இரும்ப விட அதிக இடம் புடிக்கும். அரிசி சோறானா அதே பானை பத்துமா? உள்ளுக்குள்ள நெரிச்சுக்கிட்டு நிக்குது. வம்பு பண்ணுனா வராது, ஒடியும்."

"பசிக்குதுன்னா நேராச் சொல்லுடா. அண்ணி சோறு போடுவா."

நீ ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பானரின் பிடியில் சொருகினாய். பிடி நீளமானால் பலம் கூடும். அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பலத்தைப் போல்ட் தாங்குமா என்பதுதான் உனக்குத் தெரியாத பாடம். நான் சும்மா நிற்கப் பொறுக்காமல் போல்ட் தலைகளில் நான்கு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன். அது இறங்குவதற்குள் நீ குழாயைப் பிடித்துவிட்டாய்.

முதல் போல்ட் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு எரிகிறது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் குழாயின் நுனியைப் பிடித்து உடம்பையே தொங்கவிட்டாய். டக்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. மூன்று தடவை சொன்னவனைப் பார்த்து, அண்ணியை வைத்துக்கொண்டு, தெரிந்தால் சொல்லக்கூடாதா என்று கேட்டாயே, உனக்குக் கூசவில்லையா?

இன்ஜினை வண்டியில் ஏற்றிச் செந்துறைக்கும், அங்கிருந்து லாரியில் அரியலூர் லேத் பட்டறைக்கும் கொண்டுபோய், உள்ளே நின்ற பாதியைத் துளைத்து எடுத்துக் கொண்டுவர ஒன்பது நாள் ஆனது. மாடு கட்டிக் கவலை இறைக்கலாம் என்றால் அதன் மரங்களைப் பிரித்துக் கொட்டகைக்குப் போட்டிருந்தாய். "இன்ஜின் வந்த வூட்டுல கவலை எதுக்குடா?" என்றதும் நீதான். ஒன்பது நாளில் உன் கடலை மட்டுமா போனது? என் முறை நாட்களும் அதற்குள்தான் இருந்தன. என் கொல்லையிலும் ஊசி இறங்கவில்லை. அதற்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னது வேறு. "வாத்தியாரு மண்ணெண்ணெய ஊத்தி போல்ட்ட இளக்கி வுட்டுட்டான், இல்லாட்டி வந்திருக்கும்" என்று டீக்கடையில் சொன்னாய். செந்துறை பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு சார் என்னிடமே வந்து கேட்டார், "மண்ணெண்ணெய் இரும்பை இளக்குமா சார்?" என்று. விஞ்ஞானம் நடத்துகிறவனைப் பார்த்து அந்தக் கேள்வி. அதற்குப் பிறகு நமக்குள் இருந்த பேச்சு, இன்ஜின் ரூம் சாவியைக் கை மாற்றும்போது மட்டும்தான். "இந்தா." "ம்." பன்னிரண்டு வருஷம்.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ மார்கழியில் போனாய். அண்ணி அழுதுவிட்டு, தையில் கொல்லையை உழச் சொல்லிக் கடலை போட்டார்கள். கொல்லை முழுக்கக் கடலைதான், அவர்களுக்கு வேறு வெள்ளாமை இல்லை. போன வாரம் ஊசி இறங்குகிற பருவம். அண்ணியின் முறையில், மூன்றாம் நாள் காலையில், அதே இன்ஜின் அதே வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. நீயே மேலேயிருந்து ஏற்பாடு செய்தாயோ என்றுகூடத் தோன்றியது. உனக்கு அந்தப் புத்தி உண்டு.

அண்ணி வேகமாக வந்தார்கள். "தம்பி, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுருமாங்க? நாளையிலேருந்து ஒங்க முறை ஆச்சே."

"முறை நிக்கட்டும் அண்ணி. இன்ஜின் எப்ப ஓடுதோ, ஒங்க மூணாம் நாளு அன்னைக்குத்தான். அதுக்கப்புறம்தான் என் முறை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். உன்னைவிட நான் நல்லவன் என்று காட்டுகிற ஆசை, உன் மனைவியிடமே.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "இந்த வார்த்தைய அன்னைக்கு அவருகிட்டச் சொல்லியிருந்தா, அவரு கொழாயத் தேடிப் போயிருக்க மாட்டாருங்க தம்பி."

சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. ஆட்டுக்குத் தழை போட்டாச்சா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு வரப்பு மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அண்ணி மேல், உன் மேல், இன்ஜின் மேல். அந்தக் கோபத்தோடு வேலையை ஆரம்பித்தேன். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து விட்டு, போல்ட் தலைகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். குழாய் இல்லை, வெறும் ஸ்பானர். முதலில் மயிரிழை இறுக்குகிற பக்கம், அப்புறம் கழற்றுகிற பக்கம். மழையில் உப்பி மாட்டிக்கொண்ட கதவை ஒரு தரம் உள்ளே தள்ளிவிட்டுத்தானே இழுக்கிறோம்? கால் சுற்று வந்தால் கொஞ்சம் திரும்பப் போய், மறுபடி கால் சுற்று. மூன்று போல்ட்டும் முனகிக்கொண்டே வந்தன.

நான்காவது வரவில்லை. அதை ஊற விட்டிருக்க வேண்டும். உனக்கு மூன்று தடவை பாடம் எடுத்தவன், அண்ணி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காக ஸ்பானரில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். கிறீச் என்றது. இன்னும் அழுத்தினேன். சத்தம் நின்றுவிட்டது. கைக்கு மெத்தென்று, சுகமாக, கழல்கிற மாதிரி வந்தது.

வகுப்பில் சாக்பீஸை இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டுவேன். அது ஒன்றும் சொல்லாமல் பட்டென்று ஒடியும். இரும்பு அப்படி இல்லை. ஒடிவதற்கு முன் ஒரு தடவை சொல்லும். துருவோடு உரசிக்கொண்டு கழல்கிற போல்ட் கத்தும். கத்தல் நின்று கைக்கு இளகி வந்தால் அது கழலவில்லை, முறுக்கேறி நீள்கிறது என்று அர்த்தம். அடுத்த அழுத்தில் போய்விடும்.

கையை எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகுதான் உறைத்தது.  அந்த மௌனம் எனக்குப் புதுசு இல்லை அண்ணே. நீ குழாயில் தொங்கிய அன்றைக்கு மூன்றாவது போல்ட் கிறீச்சிடுவதை நிறுத்தியது. நான் இரண்டடி தூரத்தில் நின்று அதைக் கேட்டேன். உனக்கு அதன் அர்த்தம் தெரியாது, எனக்குத் தெரியும். "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஒடியட்டும் என்று நின்றேன். நான் சொன்னது சரி என்று ஆகட்டும், அண்ணி முன்னால் ஆகட்டும் என்று நின்றேன். என் கடலையும் அந்தப் போல்ட்டில்தான் இருந்தது. அதுகூட அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதுதான் உன் கேள்விக்குப் பதில். மூன்று தடவை சொன்னேன், நான்காவது தடவை சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். நீ அதைக் கண்டுபிடித்துத்தான் கேட்டாயா, இல்லை வழக்கம்போலப் பழியை அடுத்தவன் தலையில் போடக் கேட்டாயா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். உன்னை எனக்குத் தெரியாதா?

இதை மன்னிப்புக் கேட்கிற கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. டீக்கடையில் நீ பேசிய பேச்சு பேச்சுதான். போன என் கடலை போனதுதான். என் தப்பு ஒன்று வெளியே வந்துவிட்டது என்பதற்காக உன் தப்பில் ஒன்று குறைந்துவிடாது. உன் தாளையும் என் தாளையும் தனித்தனியாகத்தான் திருத்துவேன்.

"என்னங்க தம்பி, நின்னுட்டீங்க?" என்று அண்ணி கேட்டார்கள்.

"இன்னைக்கு வராதுங்க அண்ணி. அடிச்சுப் புடுங்குனா ஒங்க கடலை போயிரும். நாளைக்குப் பாப்போம்." அப்புறம், உன்னிடம் சொல்லாததை அவர்களிடம் சொன்னேன். அன்றைக்குச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது என்று.

அண்ணி வரப்பிலிருந்து எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்கள். பிறகு, "அவரு மட்டும் ஒங்க எடத்துல நின்னுருந்தா, கைதட்டிச் சிரிச்சிருப்பாரு" என்றார்கள். உன்னைத் திட்டினார்களா, எனக்குச் சமாதானம் சொன்னார்களா என்று தெரியவில்லை. நீயே சொல், எது?

போல்ட்டை ஊற விட்டுவிட்டு அரியலூர் பஸ் ஏறிக் கேஸ்கட் வாங்கி வந்தேன். சாயங்காலம் ஒரு தடவை எண்ணெய் விட்டேன், விடிந்ததும் ஒரு தடவை. ஸ்பானரைத் தொடவில்லை. மறுநாள் பத்து மணிக்கு மயிரிழை இறுக்கிவிட்டுத் திருப்பினேன். கத்தியது. அந்த அவலட்சணமான சத்தத்தைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்தத் தாலுக்காவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மதியத்துக்குள் தண்ணீர் அண்ணியின் கொல்லையில் கடைசிப் பாத்திவரை போய்விட்டது. நேற்று ஒரு செடியை மண்ணோடு தோண்டிப் பார்த்தோம். ஊசி எல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கிணற்றில் இனிமேல் இன்ஜின் நின்ற நாள் யாருக்கும் போன நாள் இல்லை. ஓடுகிறவரை முறை நிற்கும். அண்ணிக்கும் அப்படி, உன் பிள்ளைகளுக்கும் அப்படி, என் பிள்ளைகளுக்கும் அப்படி. அப்பா வந்து கேட்டால், நீ சம்மதித்தாய் என்று பொய் சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலும் துருப்பிடித்து வரமாட்டேன் என்கிற சைக்கிள் நட்டோ தாழ்ப்பாள் திருகோ ஒன்று இருக்கும். இன்று அதில் நான்கு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு, நாளை இதே நேரம்வரை தொடாமல் இருந்து பாருங்கள்.

இன்னும் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்த தம்பி