ஆற்றில் இல்லாத பாலம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்று டியூட்டிக்கு நாற்பது நிமிடம் லேட். நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம், இப்படி ஆனதே இல்லை. காலை ஆறு பத்து பஸ் வரவில்லை. புன்னைக்கோணம் ஸ்டாப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐந்நூறு மீட்டருக்குள் மாற்று நிறுத்தம் இருப்பதால், பஸ் இனி ஜங்ஷனோடு திரும்பிவிடுமாம்.

ஜங்ஷன் ஆற்றுக்கு அக்கரையில். இங்கிருந்து சத்தமாகக் கூப்பிட்டால் அங்கே கேட்கும், அது சரி. போவது எப்படி? நடைபாலம் நாலு வருஷத்துக்கு முன் வெள்ளத்தோடு போயிற்று. இரண்டு தூண்தான் மிச்சம். அதில் கொக்கு நிற்கிறது. நாங்கள் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

டெல்சியக்கா முட்டத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். இருபது வருஷமாக அதே பஸ்ஸில்தான். இப்போது ஜங்ஷனில் இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றி நடந்து வருகிறாள். “பிள்ளே, எனக்க காலு எனக்க காலாட்டே இல்ல” என்றாள். வீங்கியிருந்தது. தைலம் கொடுத்தேன்.

எத்தனை தூரம் நடக்கிறாள்? யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ஆஃப். தங்கச்சி ஜிஷா மஸ்கட்டில் சர்வே கம்பெனியில் இருக்கிறாள். போனில் புலம்பினேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. “அக்கா, வீட்ல லேப்டாப் சும்மாத்தான கெடக்கு? கியூஜிஐஎஸ்னு மேப் போடுற சாஃப்ட்வேர் உண்டு, எறக்கு. தூரத்த நீயே அளக்கலாம். பைசா வேண்டாம்” என்றாள்.

இறக்கினேன். திறந்தால் ஒரே வெள்ளை. ஓரத்தில் நூறு பட்டன். மூடிவிட்டு மரச்சீனிக் கிழங்கு வேகவைக்கப் போனேன்.

மத்தியானம் மறுபடி திறந்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இருக்கும் பொது மேப் ஒன்றை ஜிஷா சேர்க்கச் சொன்னாள். வள்ளியாறு நீலக்கோடாக வந்தது. எங்கள் சர்ச், பள்ளிக்கூடம், ரோடு. எனக்கு என்னவோ போல இருந்தது. நம்ம ஊரை யாரோ எங்கேயோ இருந்து வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

இரண்டு ஸ்டாப்பையும் போனில் குறித்து, எண்களை டைப் செய்து ஏற்றினேன். புன்னைக்கோணம் வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கடலுக்குள் போய் விழுந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேனாம். ஜிஷா சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது.

ஜூன் 11, புதன்

சிரிப்பெல்லாம் போச்சு. டெல்சியக்கா கால் வலி தாங்காமல் இன்று ஆற்றில் இறங்கி நடந்திருக்கிறாள். இடுப்பளவு தண்ணி, இழுப்பு வேற. கூடை போச்சு. ஆளைப் பிடித்து இழுத்துப் போட்டது அக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவங்க. அவங்க இல்லேன்னா? நினைக்கவே பயமா இருக்கு.

முட்டியில் காயம். கட்டுப் போடும்போது கேட்டேன், என்னக்கா இப்படிச் செய்யலாமா என்று. “மூணு கிலோ சாளை மீனு மக்கா. கடல்ல இருந்து வந்தது கடலுக்கே போச்சு, விடு” என்றாள். அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

பஸ் டிப்போவுக்கு எழுதத்தான் போகிறேன். வெறும் மனு இல்லை, மேப்போடு.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு ஸ்டாப்புக்கும் நேர்கோட்டில் 430 மீட்டர். தாளில் எழுதியிருந்தது சரிதான். அதனால் நடக்கும் வழியை அளந்தேன். வந்த விடை 610 மீட்டர்.

அப்போ அவங்க சொல்றதுதான் சரியா? நாங்கதான் சும்மா பெரிசா பேசுறோமா?

பிறகு அந்த வழியை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு நேராக ஆற்றைக் கடக்கிறது. சவத்து மேப்பில் பாலம் இன்னும் இருக்கிறது. ஆற்றில்தான் இல்லை.

பாலத்தை விட்டுவிட்டு அளந்தால் 2.7 கிலோமீட்டர். ஜிஷாவுக்குப் படம் அனுப்பினேன். “அந்த மேப்ப நீயே திருத்தலாம் அக்கா. யாரிட்டயும் கேக்க வேண்டாம்” என்று பதில்.

ஜூன் 17, செவ்வாய்

கேட்காமலும் இருக்க முடியவில்லை. நாராயணபெருமாள் அண்ணாச்சி வந்தார். பஞ்சாயத்துப் பதவிக்காலம் முடிந்தும் ஊரில் எல்லாருக்கும் அவர் மெம்பர்தான். மேப்பில் பாலத்தை எடுக்கப்போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது.

“சிஸ்டர், வேண்டாம். பாலம் இருக்குன்னு கணக்குல இருந்தாத்தான் ரிப்பேர்னு சொல்லி எதாவது கேக்க முடியும். இல்லவே இல்லன்னு ஆனா புதுப்பாலம் கேக்கணும். அது எந்தக் காலத்துல நடக்கும்?”

“அண்ணாச்சி, அந்தக் கணக்கப் பாத்துதான் பஸ்ஸ நிறுத்தியிருக்காங்க. டெல்சியக்கா ஆத்துல போகப் பாத்தா.”

அவர் எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷன்தான். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் குழப்பம்.

ஜூன் 18, புதன்

அழிக்கவில்லை. ‘இடிந்த பாலம், கடக்க முடியாது’ என்று குறிக்க வழி இருக்கிறது. அப்படியே குறித்தேன். உள்ளது உள்ளபடி. அண்ணாச்சிக்கும் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீல டிக் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

இந்த மாதத்திலேயே நல்ல நாள்.

பொது மேப்பில் புன்னைக்கோணத்துக்குப் பதினொரு வீடுதான். அதை நம்பி யார் பஸ் விடுவார்கள்? சேட்டிலைட் படத்தைப் பின்னால் போட்டு, கூரை கூரையாக வரைய ஆரம்பித்தேன். தென்னையும் பலாவும் பாதிக் கூரையை மறைக்கின்றன. டெல்சியக்கா கட்டுமாற்ற வந்தவள், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. “மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு.” சர்ச்சைக் காட்டினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். சர்ச்சிலிருந்து விரலாலேயே தெருவில் நடந்தாள். “இது நேசபாய் வீடு, கணவா மீனு மட்டும் வாங்குவா. இது கோழிக்கூடு, வீடில்ல, அழிச்சிரு. இது பூட்டிக் கெடக்கு, எல்லாரும் துபாய். இந்த மரத்துக்குக் கீழ ரெண்டு வீடு உண்டு, உனக்குத் தெரியல்ல பாரு.”

எனக்குத் தெரியவில்லைதான். சேட்டிலைட்டுக்கும் தெரியவில்லை. 143 வீடு. ஆள் இருக்கிறது 121. அரை நாளில் முடித்தோம். “கொள்ளாம் பிள்ளே, இனி வழி மறந்தா இதப் பாத்துக்கலாம்” என்றாள். இவளா மறப்பாள்.

ஜூன் 30, திங்கள்

லீவு போட்டு டிப்போவுக்குப் போனோம், நானும் டெல்சியக்காவும். வாசலில் நாராயணபெருமாள் அண்ணாச்சி வெள்ளைச்சட்டையில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. “நானும் வாறேன். ஊருக்கு ஒரு ஆம்பளையாவது வேண்டாமா” என்றார். டெல்சியக்கா “வேண்டாம், ஆனா வாரும்” என்றாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். தன் மேஜையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஜங்ஷனைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வட்டம், அதற்குள் எங்கள் ஸ்டாப். நான் என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன். அதே வட்டம் போட்டிருந்தேன். உள்ளே எங்கள் ஊர் வீடு 96. அந்த 96-இல் ஐந்நூறு மீட்டர் நடந்து ஜங்ஷனைத் தொடக்கூடியது எத்தனை? ஒன்றும் இல்லை.

இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இத யாரு போட்டது?”

“நான்தான் சார். நர்ஸ்.”

“நேர்ல வந்து பாக்கேன்” என்றார். எல்லாரும் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினோம்.

ஜூலை 4, வெள்ளி

வந்தார். காரிலிருந்து இறங்கி ஆற்றங்கரையில் தூண்களைப் பார்த்தார். டெல்சியக்கா, “சார், உங்க படத்துல இருக்கப்பட்ட பாலத்துல ஒருக்கா நடந்து காட்டும், நாங்க இங்க நிக்கோம்” என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார்.

காரை முன்னால் ஜங்ஷனுக்கு அனுப்பிவிட்டு, அதுவரைக்கும் எங்களோடு நடந்தார். நல்ல வெயில். பாதி வழியில் டெல்சியக்கா “ஒரு கை பிடியும் சார்” என்று கூடையைக் கொடுத்தாள். அவர் வாங்கினார். கொஞ்ச தூரம் சுமந்தார், பேண்டெல்லாம் மீன்தண்ணி. முப்பத்தாறு நிமிடம் ஆயிற்று. வாட்சைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஜூலை 9, புதன்

தகவல் இல்லை. மழை.

ஜூலை 16, புதன்

அண்ணாச்சிதான் போன் செய்தார். திங்கள் முதல் காலையும் மாலையும் பஸ் உள்ளே வரும். மத்தியான வண்டி கிடையாது. டெல்சியக்காவுக்கு அது போதாது, திரும்பும்போது நடக்கத்தான் வேண்டும். அவளிடம் சொன்னேன். “கூடை காலியாட்டுத்தான இருக்கும், நடந்துக்குவேன்” என்றாள். இன்னொரு மனு போட வேண்டும்.

அண்ணாச்சி புதுப்பாலம் கேட்டு எழுதியிருக்கிறாராம். நீளம் எத்தனை என்று அளந்து தரச் சொன்னார். 31 மீட்டர் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 21, திங்கள்

எழுத்து கோணலாக இருக்கிறது, ரோடு அப்படி. பதினேழு பேர் ஏறினோம், எனக்கு ஜன்னல் சீட்டு. கண்டக்டர் புதுசு. “புன்னைக்கோணத்துல இத்தன பேரா?” என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்தார். ஜங்ஷன் தாண்டிவிட்டது. மணி ஆறு இருபத்திரண்டு. வார்டில் நைட் டியூட்டி நர்ஸிடம் ரிப்போர்ட் எடுக்கச் சரியான நேரத்துக்குப் போய்விடுவேன்.