கான்ட்ராக்டில் இருப்பவர்கள் கிளம்பலாம்

மார்ச் 4, புதன்
வாராந்தரக் கூட்டத்தின் பாதியில் மேனேஜர் தொண்டையைச் செருமினார். "கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க கிளம்பலாம்." நானும், நாங்கள் 'தாடி' என்று கூப்பிடும் இன்னொரு கான்ட்ராக்ட் ஆளும் எழுந்து வந்தோம். கம்பெனி விஷயம் எங்கள் காதில் விழக்கூடாதாம். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தாடி கதை கட்டுவான். இன்றைய கதையில் கம்பெனியையே விற்றுவிட்டான்.

மார்ச் 5
எங்கள் மென்பொருள் குழுவில் நிரந்தர இடம் ஒன்று காலி! மேனேஜர் என்னையும் விண்ணப்பிக்கச் சொன்னார். வெளியாள் மாதிரி தேர்வு, நேர்காணல், எல்லாம் முதலிலிருந்து. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்போ இவ்வளவு நாளா நீ எங்கடி வேலை பார்த்தே?"

நல்ல கேள்வி. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். இது கிடைத்தே ஆகவேண்டும்.

தாடி விண்ணப்பம் போடவில்லை. "இன்டர்வியூன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ போடு."

மார்ச் 9
தேர்வு மின்னஞ்சலில் வந்தது. திறந்ததும் சிரித்துவிட்டேன். கேள்வி நான் எழுதியது! போன வருடம் ஆள் எடுக்க அவசரமாக வேண்டும் என்று என் தலையில்தான் கட்டினார்கள். விடையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

பேசாமல் எழுதி அனுப்பினால் என்ன? யாருக்குத் தெரியப்போகுது? — எனக்குத் தெரியுமே. சே.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். மேனேஜர் முழித்தார். "டெஸ்ட் இல்லாம எடுக்க முடியாதேம்மா." போச்சு, வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்!

சாயங்காலம் அவரே வந்தார். "வியாழக்கிழமை எங்க முன்னாடி உட்கார்ந்து நம்ம புரோகிராம்ல இருக்கற ஒரு நிஜமான பிழையைச் சரி பண்ணு. அதான் டெஸ்ட்."

மார்ச் 12
பிழை இதுதான்: ஒரே ஆர்டருக்கு இரண்டு ரசீது போகிறது. ஏன்? மூன்று பேர் பின்னால் உட்கார்ந்திருக்க, பெரிய திரையில் நான். வேலையில் மூழ்கினால் நிரலோடு பேசுவேன் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. "வாடா கண்ணு, எங்க ஒளிஞ்சிருக்கே?" என்று சத்தமாகவே கேட்டிருக்கிறேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் பிடித்துவிட்டேன்! சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் நிரல் ரசீதை மறுபடியும் அனுப்புகிறது. முதலாவது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே இல்லை.

மார்ச் 17
கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!

ஏப்ரல் 1, புதன்
நிரந்தர ஊழியராக முதல் நாள். கூட்டத்தில் மேனேஜர் தொண்டையைச் செருமினார். "கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க கிளம்பலாம்." நான் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். தாடி வழக்கம்போல் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ எங்கம்மா போறே? வந்து உட்காரு."

எல்லோரும் சிரித்தார்கள், தாடியும்தான். பிறகு கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.

உள்ளே வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசிவரை அது மட்டும்தான்.

வெளியே வந்தேன். தாடி காபியோடு தனியாக நின்றான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கதையும் கட்டவில்லை. அதனால் நானே ஒன்று கட்டினேன். அவன் அளவுக்கு வரவில்லை.