உதடு முன்னே, குரல் பின்னே

செம்பூர், மும்பை,
புதன்கிழமை

செல்லக் குழந்தை பத்மஜாவுக்கு அப்பாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை, ஆகையால் அடிக்காமல் விட்டுவிட்டேன். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் அப்பா எதற்குக் கையால் எழுதுகிறார் என்று நினைப்பாய், காரணம் போகப் போகத் தெரியும். நம் பில்டிங் டி விங் ஸ்ரீலேகா நாளைக்கு உங்கள் எட்மன்டனுக்குத்தான் கிளம்புகிறாள், மாதுங்காவில் வாங்கின காப்பிப் பொடியோடு இதையும் அவள் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவைக் கூப்பிடுவதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். உன் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ் என்று தெரியும், நேரமானாலும் பரவாயில்லை, நீயே படி. திங்கட்கிழமை நீ எனக்கு அனுப்பின செய்தியில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். நான் வாங்கி அனுப்பின டேப்லெட்டை வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா, வியாழக்கிழமையோடு கெடு முடிகிறது என்பது ஒன்று. அம்மாவிடம் என் மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன், ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டாள், இனிமேல் நான் கூப்பிடாமலே இருந்துவிடட்டுமா என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலாவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, பொறுமையாகக் கேள்.

டிராம்பேயில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஸ்டோர்ஸுக்கு வந்து இறங்குகிற சரக்கைப் பரிசோதித்து, நல்லதற்குப் பச்சைச் சீட்டும் சொத்தைக்குச் சிவப்புச் சீட்டும் கட்டினவன் நான், அந்தப் புத்தி ரிட்டயர் ஆனாலும் போகிறதா. பெட்டியைப் பிரித்த அன்றே சோதனையை ஆரம்பித்துவிட்டேன். நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். திரை நன்றாகப் பெரிசு, உன் முகம் கிட்டத்தட்ட உன் முகத்தளவுக்கே தெரிகிறது, பழைய போனில் நீ பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதான் தெரிவாய். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்குகிறது. இனி தோஷங்கள். சார்ஜ் ஏறுவதற்குள் இட்லிக்கு அரைத்த மாவு புளித்துவிடும். ஒரு தரம் தொட்டால் கேட்காது, கேட்கவில்லையே என்று மறுபடி தொட்டால் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு எதையோ திறந்துவிடும். கையில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, அம்மா அதை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துத்தான் பேசுகிறாள். இதிலிருக்கிற கேமராவில் அவள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரிகிறாள் என்று நீயே சொன்னாய். எல்லாவற்றையும்விடப் பெரிய தோஷம், உதடு முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது. நீ சொல்லி முடித்து வாயை மூடின பிறகு உன் குரல் வந்து சேர்கிறது. எனக்குத் தலையைச் சுற்றுகிறது. ஸ்டேஷன் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிற அல்தாபிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருநெல்வேலிக்காரர், தாராவியிலிருந்து வருகிறவர். மாமா, இந்த வெலைக்கு இம்புட்டுதான் கெடைக்கும், பேசாம திருப்பிக் குடுத்துட்டு இன்னுங்கொஞ்சம் மேல போட்டு வேற வாங்குங்க என்று சொல்லிவிட்டார். சரி, சிவப்புச் சீட்டுதான் என்று முடிவு கட்டி, எடுத்துக்கொண்டு போக ஆளை வரச் சொல்லிவிட்டேன். ஆனால் உன் அம்மா இருக்கிறாளே, நேக்கு ஒரு குறையும் தெரியலை, பளிச்சுனு இருக்கு, இதைத் தூக்கிக் கொடுத்தேள்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன் என்கிறாள். குரல் பின்னால் வருகிறதே என்றேன். எங்கே வரது, எல்லாம் சரியாத்தான் வரது, உங்களுக்குத்தான் எதிலயும் நொட்டை சொல்லணும் என்று என்னையே மடக்கினாள். நீ வாங்கிக் கொடுத்தது என்று விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் கோபம் இருக்கிறவள் எதற்கு விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும், அங்கேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் கீழே சொசைட்டி மீட்டிங்கில் இருந்தேன். தண்ணீர் டேங்க் சண்டை முடிந்து மேலே வந்தால் அம்மா உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள், நான் உன் கண்ணில் படாமல் கதவோரம் நின்றேன். உன் வாய் அசைகிறது, சத்தமே இல்லை. அம்மாவோ அந்த ஜாக்கெட் போறாது, உள்ளே கம்பளி ஒண்ணு போட்டுக்கோ என்கிறாள், நீ தலையாட்டிச் சிரிக்கிறாய், மறுபடி உன் வாய் அசைகிறது, ரசத்துக்குப் பெருங்காயத்தைக் கடைசியில போடு என்கிறாள். நான் மகா புத்திசாலியாக ஸ்பீக்கரும் அவுட் என்று ஒரு தோஷத்தை மனசில் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் நீ எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். அம்மா சிரித்தபடியே ஆமாம் ஆமாம் என்றாள். நீ திரும்பினபோது உன் முகம் விழுந்திருந்தது, உடனே வைத்துவிட்டாய். குழந்தை ஏன் திடீர்னு வாடிப் போயிட்டா, நான் ஒண்ணும் சொல்லலையே என்று அம்மா என்னிடம் வந்து நின்றாள். பிறகு எடுத்துப் பார்த்தால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் இல்லை, காலையில் நான் துணியால் துடைத்தபோது ஓரத்துப் பட்டன் அழுந்திச் சத்தம் அடியோடு குறைந்திருக்கிறது. அப்படியானால் அவ்வளவு நேரம் அவள் எதைக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நான் அப்போதும் யோசிக்கவில்லை பார், திங்கட்கிழமை உன் செய்தி வந்த பிறகுதான் சந்தேகமே தட்டியது.

நேற்று நான் ஒரு சோதனை செய்தேன், சொன்னால் சிரிக்காதே. சமையலறை வாசலில் நின்று, அவள் என்னைப் பார்க்கிற நேரத்தில், குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கொஞ்சம் காப்பி கிடைக்குமா என்றேன். டிகாக்‌ஷன் இருக்கு, பால் காயட்டும் என்று பதில் வந்தது. அப்புறம் அவள் அடுப்புப் பக்கம் திரும்பின பிறகு விஜயம், விஜயம் என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, அவள் திரும்பவில்லை. அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை பத்மா. கூடவே இருக்கிற எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பாய். எதைச் சொன்னாலும் இங்கே வந்து மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்கோ என்பாள், அதிகாரம் என்று நினைத்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என்னைக் கேட்பாள், சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேலை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளாகச் சத்தமாகப் பேசுகிறாளே, பிரஷர் ஏறியிருக்கிறதோ என்று உப்பைக் குறைத்தேன். அந்த மாதுங்கா வரன் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டுக் கிளம்பின பிறகு, நீ போன் பண்ணினால் நீங்களே பேசுங்கோ என்று என் கையில் திணிப்பாளே, அதைக் கோபம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். போனைக் காதில் வைத்தால் அவளுக்கு என்ன கேட்டிருக்கப் போகிறது. வீடியோவில் வந்தால் மட்டும் கொஞ்சம் பேசுவாள், அதுவும் அந்தச் சின்னத் திரையில் உன் வாய் அவளுக்குச் சரியாகப் பிடிபட்டிருக்காது. இப்போது உன் முகம் பெரிசாக வந்துவிட்டது, அதனால்தான் அதைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். குரல் பின்னால் வந்தால் அவளுக்கு என்ன, வராமலே போனால்தான் என்ன.

ஏன் மறைக்கிறாள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தெரிந்தால் நீ வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்றா, செவிடு என்று பேர் வந்துவிடும் என்றா, எனக்கே பாரமாகிவிடுவோம் என்றா, ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்வதா, சொல்லாமலே பல்லுக்கு என்று கூட்டிக்கொண்டு போய்ச் சயானில் காது டாக்டர் முன்னால் உட்கார வைப்பதா, அதுவும் தெரியவில்லை, நீ ஒரு யோசனை சொல். போனில் சொல்லலாம் என்றால் இந்த இரண்டு ரூமில் நான் வாயைத் திறந்தால் அவள் படித்துவிடுகிறாள், வெளியே போய்ப் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருக்கிறது. இப்போதும் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள், டேப்லெட்டின் குறைகளை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், எழுதுங்கோ எழுதுங்கோ, ஆனா அதை எடுத்துண்டு போக எவனாவது வரட்டும், நான் பேசிக்கறேன் என்கிறாள். ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இனிமேல்தான் அவளிடம் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸில் மஞ்சள் சீட்டு என்று ஒன்று உண்டு, குறை தெரியும், தெரிந்தே வைத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம், என் சர்வீஸில் அதில் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. இதற்குப் போடுகிறேன்.

தீர்க்காயுசாக, மனக்குறை இல்லாமல் இரு. எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதே, காப்பிக் கோப்பையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசாதே. அம்மாவுக்கு உன் மேல் கோபம் உண்டா இல்லையா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஆமாம் ஆமாம் உன் கேள்விக்குச் சொன்ன பதில் இல்லை, அவள் அந்தக் கேள்வியைப் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேள் குழந்தே, இந்தத் தடவை திரும்பிக்கொண்டு கேட்காதே.

உன் அப்பா,
சுந்தரராமன்