தூம்பாவுக்குத் தோள்

சேசு மரி சூசை

மயிலாப்பூர்
1948 செப்டம்பர்

என் அன்பு மகள் மர்சலினுக்கு, கால்வாய்க்கரைச் சந்தின் ஏகசக்கராதிபதியும், மூன்று கோழிகளுக்கும் ஓட்டைக் குடம் ஒன்றுக்கும் உடையவனுமாகிய உன் சித்தப்பன் காஸ்பர் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான் இன்னும் சாகவில்லை, அதுதான் இவ்விடத்துச் சுகம். நீ அந்தப் பனிக்கட்டி ராஜ்யத்தில் மூக்கு உறைந்து விழாமல் இருக்கிறாயா என்று அறிய ஆசை. உன் கடிதத்தைத் தபால்காரர் மெஹபூப் அலி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், ஜெனீவா தபால்தலையைப் பார்க்கத் தெரு முழுக்கக் கூடிவிட்டது, கூட்டத்தைக் கண்டு சோடாக்காரன் ஒருவன் வந்து கடை போட்டுவிட்டான் என்றால் நீ நம்பமாட்டாய். ரேஷன் அரிசியில் நான் பொறுக்கிய கல்லைக் கொண்டு இன்னொரு மணிக்கூண்டு கட்டலாம், கொத்தனார்தான் கிடைக்கவில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அதற்குப் போட்ட எண்ணெயில் ஒரு கப்பலை மிதக்கவிடலாம்.

உலகத்து நாடுகளெல்லாம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எங்கே கொள்ளைநோய் வந்தாலும் மறைக்காமல் உடனே மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், சொன்னவன் கப்பலை யாரும் வீணாக விரட்டக்கூடாது என்று பேசுவதாகவும், அந்தப் பேச்சையெல்லாம் நீதான் டைப் அடிப்பதாகவும் எழுதியிருந்தாய். சிந்தாதிரிப்பேட்டையில் கற்ற டைப்பு உலகத்தையே நிமிர்த்துகிறது என்று நான் நாலு பேரிடம் சொன்னேன், அவர்கள் நாற்பது பேரிடம் சொன்னார்கள். நீ அதோடு நிறுத்தியிருக்கலாம். நேற்றுவரை அடித்துக்கொண்ட நாடுகளே கை குலுக்கும்போது நீங்கள் நம் நல்மரண சபையில் திரும்பச் சேரக்கூடாதா சித்தப்பா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய் பார், அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். இதற்கு முந்தின யுத்தம் முடிந்தபோதும் உன் ஜெனீவாவில்தான் நாடுகள் ஒரு சபை கூட்டின, அது என்ன கதியாயிற்று என்று உன் மேசைக்காரர்களைக் கேட்டுப்பார்.

உன் சித்தியைச் சபையின் பொதுச் சவப்பெட்டியான தூம்பாவில் வைத்துத் தூக்கச் சபையில் ஒரு தோளும் வரவில்லை என்பதற்காகத்தான் நான் முறைத்துக்கொண்டு திரிகிறேன் என்று நீ நினைக்கிறாய். நீ அப்போது டில்லியில் இருந்தாய், உனக்கு வந்தது தந்தி மட்டும். யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம், தைத் திருநாளுக்குச் சபைத் தலைவர் அகஸ்டின் வீட்டில்தானே வழக்கம்போல அசன விருந்துச் சமையல். தெருப் பெண்களெல்லாம் அங்கே போய் அரைத்து, நறுக்கி, அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டினார்கள். உன் சித்தி ஃப்ளோராவுக்கு அம்மி போட்ட இடம் பின்கட்டு அறை வாசல். உள்ளே அகஸ்டினின் மகன் மரியதாஸ் படுத்திருந்தான். வெயில் கொப்புளம் என்று சொன்னார்கள். கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தால் வீட்டை மூடுவார், சப்பரத்தை நிறுத்துவார், தலைவர் முன்னால் குடை பிடித்துக்கொண்டு போக முடியாது, ஆகையால் பெரியம்மை வெயில் கொப்புளமாயிற்று. தாகம் என்று பையன் முனகியிருக்கிறான், உன் சித்தி உள்ளே போய்த் தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டியிருக்கிறாள். கொடி இறக்கி இரண்டு வாரத்தில் அவள் படுத்தாள். அதற்கப்புறம் சந்தில் வீட்டுக்கு வீடு. பையன் முகமெல்லாம் தழும்போடு பிழைத்துக்கொண்டான், அதற்கு நான் இன்றைக்கும் தேவமாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன், அவன் மேல் எனக்கு ஒன்றுமில்லை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வீட்டுக்கு ஒரு தோள் கொடுத்து, செத்தவரை அந்தத் தூம்பாவில் வைத்துத் தூக்கி வந்த சபை, அவள் போன அன்று கதவைச் சாத்திக்கொண்டது. கார்ப்பரேஷன் வண்டிக்கார அம்மாசியும் நாகராஜும்தான் அவளைத் தூக்கினார்கள். அவர்களுக்கு நம் ஜெபம் தெரியாது, நான் சொல்லச் சொல்லத் தப்பும் தவறுமாகக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்கள். சாவுபயத்தில் கதவைச் சாத்தியவர்களை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன், பயத்துக்கு நானா நீதிபதி. மறைத்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

உன் சொல்லைத் தட்டாமல் போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டத்துக்குப் போனேன். பட்டாபிஷேகத்துக்குப் போவதுபோலக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் போனேன், பூச்சி அரித்த ஓட்டை வழியாகக் காற்று நன்றாக வந்தது. அகஸ்டின் ஒரு பிரசங்கம் செய்தான் பார், எதிரே இருந்த தென்னை மரம் கண்ணீர் விட்டது. உலகமே ஒன்று சேர்கிறதாம், நம் மர்சலினே உலகத்தை டைப் அடித்துக் கொடுக்கிறாளாம், ஆகையால் கலைந்த சபையைத் திரும்பக் கட்டி, கறையான் ஏறிய தூம்பாவுக்கு வார்னிஷ் பூச வேண்டுமாம், எனக்குத் துணைத்தலைவர் பதவியாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, பதவி வேண்டாம், தோள் தருகிறேன், அதற்கு முன் என் வீட்டில் பெரியம்மை இருந்தது, நான் மறைத்தேன் என்று தலைவர் தன் வாயால் ஒரே ஒரு தடவை இங்கே சொல்லட்டும் என்றேன். அகஸ்டின் வந்து என் தோளில் கை போட்டு, "இன்னா காஸ்பரு, போனது போவட்டும் நைனா. ஊரு ஒண்ணாவணும்னா பழச நோண்டிக்கினு இருக்கக் கூடாது" என்றான். எல்லாத் தலையும் ஆடியது. மன்னிப்பது பரலோகத்துக் குணம் என்று சுவாமியார் மெல்ல எடுத்துச் சொன்னார். மன்னிக்க நான் தயார் சுவாமி, எதை என்று தலைவர் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு அவன் சொல்லியிருந்தால் தெரு அவன் வீட்டை ஒதுக்கியிருக்கும் என்று நீ கேட்பாய். ஒதுக்கித்தான் இருக்கும். சொன்னவன் வாசலில் கஞ்சியைக் கொண்டுபோய் வைக்கிற சபை ஒன்று நமக்கு அன்றும் இல்லை, இப்போது கட்டுவதும் அது இல்லை. வார்னிஷ் பூசுவதற்குத்தான் இத்தனை கைதட்டல். உங்கள் பெரிய மேசையில் என்ன வழக்கமோ எனக்குத் தெரியாது. இனிமேல் மறைக்க மாட்டோம் என்று எல்லா நாடும் கையெழுத்துப் போடுகிறதே, இதற்கு முன் மறைத்தோம் என்று ஒரு நாடாவது எழுந்து நின்றதா, நின்றால் அந்தத் தாளை மட்டும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

முந்தாநாள் சாயங்காலம் அகஸ்டின் வந்து என் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். நான் கோழிக்குத் தவிடு வைப்பதை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். மழை வரும் போலக்கீது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நீ வருஷா வருஷம் அம்மை குத்திக்கொள்ள மறக்காதே, கம்பளிச் சட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றாதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நான் போனால் அம்மாசியும் நாகராஜும் தூக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், சுவாமியாரிடமும் சொல்லிவிட்டேன், சபை சுவரோரமாக நிற்கட்டும். ஆனால் அதற்குள் அகஸ்டின் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டானென்று உனக்குச் சேதி வந்தால், என் தலைமாட்டு வலது பக்கத்தை அவன் தோளுக்கே கொடுத்துவிடும்படி சுவாமியாருக்கு நீ தந்தி அடி. நானே விட்டுக் கொடுத்தேன் என்று மட்டும் அதில் போடாதே.

சேசுவின் திரு இருதயம் உன்னைக் காப்பதாக, உன் சித்தியின் ஆத்துமமும் உன்னைப் பார்த்துக்கொள்வதாக.

உன்னை வளர்த்த சித்தப்பா,
காஸ்பர்