நூற்றுப் பதினெட்டு ராத்தல்

காஜா பெராங், மலாக்கா
ஜூலை 1943, ஜப்பான் கணக்கில் 2603

அன்புள்ள தம்பி கணேசமூர்த்திக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, தங்கை பத்மினி மூவரும் மரவள்ளிக் கிழங்கின் தயவில் சுகம், ஈப்போவில் நீயும் சுகமாயிருக்க முருகன் துணை. முதலில் என் மானம் போன கதையைக் கேள். ரேஷன் ஆபீசில் மாதம் ஒருமுறை ஆண்பிள்ளைகளை நிறுத்து எடை எழுதுவது என் வேலை அல்லவா, ஏழாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு எல்லா எடையையும் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுத்தேன். ஜனவரியிலும் நூற்றுப் பதினெட்டு ராத்தல், ஜூனிலும் நூற்றுப் பதினெட்டு. பஞ்சத்திலும் ஊர் இளைக்கவில்லை என்று ஆபீசில் எல்லார் முன்னாலும் மார்தட்டினேன். ஆஸ்பத்திரி டிரெசர் கருணாகரன் சிரித்துவிட்டு, "அண்ணே, நடுவுல நிக்கிற எண்ணையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி, ரெண்டு ஓரத்தையும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஜனவரியில் குறைந்தது எண்பத்தெட்டு, கூடியது நூற்றைம்பத்தாறு. ஜூனில் நூற்றொன்பதுக்கும் நூற்றிருபத்தாறுக்கும் நடுவில் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். மெலிந்தவர்கள் காய்ச்சலில் போனது தெரியும், கனத்தவர்கள் எங்கே? ஜூன் எடை நாளில், நல்ல வெயில் நேரம், பன்னிரண்டு பேர் வரிசையாக ஏறி இறங்கினார்கள், ஒவ்வொரு தடவையும் முள் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நின்றது. ஒரே ஆள் பன்னிரண்டு முகத்தோடு வந்து போனது போல் இருந்தது தம்பி. அப்புறம் ஜனவரிப் பெயர்களை எடைவாரியாகப் பிரித்து, யார் திரும்ப வந்தார் யார் வரவில்லை என்று கோடு போட்டேன். காய்ச்சலில் போன மெலிந்தவர்களைத் தள்ளிவிட்டால், நூற்றிருபதுக்குள் பத்துக்கு ஒருவர்தான் இல்லை, நூற்று முப்பதைச் சுற்றிப் பத்தில் ஐந்து பேர் இல்லை, நூற்று நாற்பதுக்கு மேல் இருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட இல்லை. கனம் ஏற ஏற ஆள் காணாமல் போகிறான். இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்லிவிட முடியாது, பலசாலிகள் சம்பளத்துக்காகத் தாங்களே ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்குப் போயிருக்கலாம் என்றார் கருணாகரன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கினேன்.

மூன்றாம் நாள் சயாமுக்கு ஆள் பிடித்துப் போகும் லாரி வந்தது. பட்டாளத்தான் பக்கத்தில் நின்று ஒருவன் பெயர் வாசித்தான். வீட்டு வரிசையும் இல்லை, வயது வரிசையும் இல்லை. கனத்த ஆளிலிருந்து இறங்குமுகமாக, என் புத்தகத்தைப் பார்த்து எடுத்த வரிசை. முதல் பெயர் உன் சிநேகிதன் ஜெயபாலன்.

இன்னொரு கூத்தும் சொல்கிறேன். கனம் கூட இருந்தால் அரிசி கூடக் கிடைக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டதை நம்பி, நம் ஆட்கள் கைலி மடிப்பில் கல்லைச் செருகிக்கொண்டு தராசில் ஏறுவார்கள். நானும் பார்த்தும் பாராதவன் போல, முள் காட்டியதை எழுதிவிடுவேன். தர்மம் செய்கிறேன் என்று நினைப்பு.

உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. அம்மா தினமும் நாள் எண்ணுகிறாள், ரயில் பாஸ் கிடைக்காதாம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கேயும் தராசு வைத்தால் பட்டினி கிடந்துவிட்டுப் போ, இருமிக்கொண்டே ஏறு. கருணாகரன் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஒரு குறையும் அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

நேற்று ஜெயபாலனின் அம்மா பாக்கியம் வந்தது. "நீங்கதானே அண்ணே அவன் கனத்த எழுதினீங்க, இருந்ததிலேயே அவன்தான் தெம்பா இருந்தானாமே, தாங்கிடுவான்ல?" என்று கேட்டது. தாங்குவான் அம்மா என்றேன். அவன் கல் கட்டி வரவில்லை, அவன் கனத்தில் எட்டு ராத்தல், பிள்ளைக்கு அரிசி கூடக் கிடைக்கட்டும் என்று நானாகக் கூட்டிப் போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

உன் அப்பா,
மருதமுத்து